முகம் கறுக்கிறது, வானம் வெளுக்கிறது: கேமராக்காரர்களிடம் எதைக் கற்பது?

வடசென்னை தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பழைய மிரர்லெஸ் கேமரா ஒன்றை வாங்கி, நண்பர்கள் பாடும் கானாப் பாடல்களைப் படம் பிடிக்கிறாராம். காசிமேட்டில் எடுத்தால் பாடுகிறவன் முகம் கறுத்துப்போகிறது. முகத்தைச் சரிசெய்தால் வானம் வெள்ளைத்தாளாகிவிடுகிறது. ஃபிரேமும் "ஏதோ கல்யாண வீடியோ மாதிரி" வருகிறதாம். எக்ஸ்போஷரையும் (எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விடுவது), ஃபிரேமிங்கையும் (எதைப் படத்துக்குள் எப்படி அடக்குவது) தொழில்காரர்களிடம் கற்க ஆசை, லட்சக்கணக்கில் கட்டணம் கட்ட வசதியில்லை, என்ன வழி என்கிறார்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கல்யாண வீடியோவை மட்டமாகப் பேச வேண்டாம், தம்பி. நான் தொழில் கற்றதே பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு கல்யாண யூனிட்டில்தான். டாக்குமெண்டரி, விளம்பரம், சினிமாவில் கேமரா அசிஸ்டென்ட் வேலை எல்லாம் அப்புறம் வந்தவை. எனக்குத் தெரிந்ததில் பாதிக்கு மேல் அந்த மண்டபங்களில் தெரிந்துகொண்டது.

சரி, காசிமேட்டுக்கு வருவோம். நம் ஊரில் கடல் கிழக்கே இருக்கிறது. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் கேமராவைக் கையில் எடுத்ததும் மறந்துபோவது அதுதான். காலை ஏழு மணிக்கு ஒருவனைக் கடலுக்கு முன்னால் நிறுத்தினால் சூரியன் அவன் முதுகுக்குப் பின்னால் நிற்கும். தண்ணீரும் சேர்ந்து பளபளக்கும். முகத்தில் விழுவதோ வெறும் நிழல் வெளிச்சம். நேர் வெயிலுக்கும் நிழலுக்கும் மூன்று நான்கு ஸ்டாப் வித்தியாசம் இருக்கும். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு, ஆக எட்டு மடங்கிலிருந்து பதினாறு மடங்கு. பின்னால் தெரிவது சூரியனும் அதன் பிரதிபலிப்புமாக இருந்தால் இடைவெளி இன்னும் கூடும். அதை எந்தப் பொத்தானாலும் சரிக்கட்ட முடியாது. அதே இடத்துக்கு மாலை ஐந்து மணிக்குப் போங்கள். சூரியன் ராயபுரம் பக்கம் இறங்கியிருக்கும், உங்கள் முதுகில் சுடும். விசைப்படகுகளின் நீலம், பச்சை, பாடுகிறவன் முகம், பின்னால் வானம், எல்லாம் ஒரே எக்ஸ்போஷருக்குள் வந்து உட்காரும்.

காலையில்தான் எடுத்தாக வேண்டும் என்றால் மூன்று வழி இருக்கிறது. அவனைக் கடல் பார்க்க நிறுத்திவிட்டு நீங்கள் தண்ணீர்ப் பக்கம் போய் நில்லுங்கள். காயும் வலைகளும் கரையில் ஏற்றிய படகுகளும் பின்னணியாகும். இல்லையா, அவனை வடக்கே எண்ணூர்ப் பக்கமாகத் திருப்புங்கள். ஒரு கன்னத்தில் வெயில் விழும், மறு கன்னம் நிழலில் நிற்கும், முகத்துக்கு ஒரு வடிவம் கிடைக்கும். அதுவும் வேண்டாமென்றால் முகத்தை விட்டுவிட்டு, உருவத்தை மட்டும் கறுப்பாக வைத்து வானத்தின் நிறத்தை எடுங்கள். மூன்றும் சரிதான். ஆனால் எதை எடுக்கிறோம் என்று முன்பே முடிவுசெய்திருக்க வேண்டும். தொழில்காரர்களிடம் கற்க வேண்டியது இந்த ஒன்றைத்தான் என்பேன்: இந்த ஷாட்டில் எதைக் காப்பாற்றப் போகிறோம், எதை விட்டுக்கொடுக்கப் போகிறோம். அது தெரிந்தால் எங்கே நிற்பது என்று தெரியும். நிற்கும் இடம் முடிவானால் எக்ஸ்போஷரும் ஃபிரேமும் கிட்டத்தட்ட சேர்ந்தே முடிவாகிவிடும். இரண்டையும் தனித்தனிப் பாடமாகச் சொல்லிக்கொடுப்பது வசதிக்காகத்தான்.

எங்கள் யூனிட் அண்ணன் முதல் மூன்று மாதம் எனக்குக் கேமராவே தரவில்லை. சன்கன் லைட் பிடிப்பது, ஒயர் சுருட்டுவது, டீ வாங்கி வருவது, இவைதான் வேலை. மண்டபத்துக்குள் நுழைந்ததும் அவர் ஒரு காரியம் செய்வார். முஷ்டியை மடக்கி முகத்துக்கு நேராக நீட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்று திரும்புவார். சமையல்காரர்கள் சிரிப்பார்கள். ஒருநாள் கேட்டே விட்டேன். "உன் கையை நீட்டு" என்றார். விரல் முட்டிகளுக்கு நடுவே பள்ளங்கள் இருக்கின்றன அல்லவா? ஜன்னல் பக்கம் திரும்பியபோது அந்தப் பள்ளங்களில் நிழல் மெத்தென்று கரைந்தது. மேடை விளக்குப் பக்கம் திரும்பியதும் பிளேடால் கீறியது போல நின்றது. "மூக்குக்குக் கீழேயும் அப்படித்தான் விழும். பொண்ணை எங்கே உட்கார வைக்கலாம்னு இப்ப நீயே சொல்லு" என்றார். இருபது வருடம் கழித்தும் லொகேஷன் பார்க்கப் போனால் என் கை தானாக நீள்கிறது. வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் பையில்தான் இருக்கும்.

இப்போது எண்களுக்கு வருவோம். அவற்றையும் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும், ஆனால் ஒரு நாள் வேலை. வீடியோவில் ஷட்டரை, அதாவது ஒவ்வொரு ஃபிரேமிலும் வெளிச்சம் விழும் நேரத்தை, வைத்து வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கக் கூடாது. நொடிக்கு 25 ஃபிரேமில் எடுத்தால் ஷட்டர் 1/50 நொடி, 50 ஃபிரேமில் எடுத்தால் 1/100. சினிமாக்காரர்கள் 180 டிகிரி என்பது இதைத்தான். ஷட்டரை 1/1000க்குத் தூக்கினால் ஆடுகிறவன் கை துண்டுதுண்டாக வெட்டி வெட்டி நகரும். கானாவில் கைதான் பாதிப் பாட்டு, அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். மிஞ்சுவது லென்ஸின் வாயான அப்பர்ச்சரும், வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறனான ஐ.எஸ்.ஓ.வும். நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் 1/50 என்றால் அப்பர்ச்சர் எஃப் 22 வரும். பின்னணியைக் கலைத்து எஃப் 2.8இல் எடுக்க ஆசைப்பட்டால் 22, 16, 11, 8, 5.6, 4, 2.8 என்று ஆறு படி இறங்க வேண்டும். எஃப் எண் குறையக் குறைய வாய் அகலும், ஒவ்வொரு படிக்கும் வெளிச்சம் இரட்டிப்பாகும். ஆறு ஸ்டாப் வெளிச்சத்தை எங்காவது தொலைத்தாக வேண்டும். அதற்குத்தான் லென்ஸுக்குக் குளிர்கண்ணாடி மாதிரி என்.டி. ஃபில்டர் போடுகிறார்கள். ஆறு ஸ்டாப் என்றால் என்.டி. 64, சில கம்பெனிகள் அதையே 1.8 என்று எழுதியிருக்கும். திருகினால் கூடிக் குறையும் வேரியபிள் என்.டி. வசதிதான். ஆனால் மலிவானதை முழுக்கத் திருகினால் படத்தின் நடுவே கறுப்பாக ஒரு பெருக்கல் குறி விழும். புது லென்ஸுக்குச் சேர்க்கும் பணத்தில் முதலில் ஒரு நல்ல என்.டி. வாங்குங்கள்.

1/50 என்று அடித்துச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. அது என் மானம் போன கதை. பெரம்பூர் பக்கம் ஒரு கல்யாணம், நான் தனியாகக் கேமரா பிடித்த முதல் வருடம். வெளிநாட்டிலிருந்து வந்த கேமரா, 60 ஃபிரேம் முறையில் செட் ஆகியிருந்தது. ஷட்டர் 1/60. மண்டபம் முழுக்கச் சோக் வைத்த பழைய டியூப் லைட். சின்னத் திரையில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வீட்டில் டி.வி.யில் போட்டுப் பார்த்தால் தாலி கட்டுகிற நேரம் முழுக்கப் படத்தின் மேல் சாம்பல் பட்டைகள் மெதுவாக உருண்டுகொண்டிருக்கின்றன. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அந்த விளக்குகள் நொடிக்கு 100 தடவை துடிக்கும். 1/50, 1/100 இரண்டும் அந்தத் துடிப்போடு ஒத்துப்போகும். 1/60 ஒத்துப்போகாது. பெண்ணின் அப்பா திட்டக்கூட இல்லை. "ஏம்பா, அன்னைக்கு வோல்டேஜ் கம்மியா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை. இன்றைக்கு மேடைகளில் வரும் எல்.ஈ.டி. பார் லைட், எல்.ஈ.டி. சுவர் எல்லாம் தம் இஷ்டத்துக்குத் துடிக்கின்றன. அதனால் நிகழ்ச்சிக்கு முன்பே பத்து நொடி எடுத்து, பெரிய திரையில் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது முகம். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

கேமராவின் ஆட்டோவுக்கு முகம், வானம், வேட்டி என்றெல்லாம் தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளைச் சட்டை போட்ட கறுத்த பையனைக் காட்டினால் சட்டையைச் சாம்பலாக்கும் முயற்சியில் முகத்தைக் கரியாக்கிவிடும். ஷாட் ஓடும்போதே வெள்ளை லுங்கியில் ஒருவர் குறுக்கே நடந்தால் படம் முழுக்க இருட்டி மறுபடி விடியும். ஆகவே மேனுவலில் வையுங்கள். குறித்த அளவு வெளிச்சத்தைத் தொட்ட இடங்களில் வரிவரியாக ஓடும் ஸீப்ரா உங்கள் கேமராவில் இருந்தால் அதைப் போடுங்கள். முகத்தின் பளிச்சென்ற பகுதிக்கு ஸீப்ராவை 70 சதவீதத்தில் வைக்கச் சொல்லிப் பல பாடங்கள் சொல்கின்றன. அது வெள்ளைத் தோலுக்கு வைத்த கணக்கு. நம் மாநிறத்துக்கு நான் 55 பக்கம் வைப்பேன், நல்ல கறுப்பு என்றால் 45. எழுபதுக்குத் தூக்கினால் ஆளின் நிறமே மாறி, பவுடர் அப்பியது மாதிரி ஆகிவிடும். இந்தக் கோளாறு இன்று வந்ததும் இல்லை. பிலிம் காலத்தில் லேபில் நிறம் சரிபார்க்க கோடாக் கொடுத்த அட்டையில் நெடுங்காலம் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம்தான் இருந்தது. ஷெர்லி அட்டை என்று பெயர். அவள் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று அர்த்தம்!

கறுத்த முகத்தை அழகாக எடுக்க எக்ஸ்போஷரைக் கூட்ட வேண்டியதில்லை. முகத்தின் மேல் பிரதிபலிக்க ஒரு பெரிய வெள்ளைப் பரப்பைக் கொடுக்க வேண்டும். வெயிலில் வலை இழுத்துவிட்டு வரும் ஒருவரின் தோளைப் பாருங்கள். வேர்வையில் வானமே மினுங்கும், அந்த மினுக்கம்தான் தசையின் வடிவத்தைக் காட்டும். முகத்திலும் கன்ன எலும்பில், நெற்றி ஓரத்தில் அந்த மினுக்கத்தைக் கொண்டுவர ஒரு தெர்மாகோல் ஷீட் போதும். ஸ்டேஷனரிக் கடையிலேயே கிடைக்கும். கோடிக்கணக்கில் செலவழித்து எடுக்கும் படங்களிலும் லைட்மேன்கள் தெர்மாகோலைத் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். முகத்துக்கு நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் பிடியுங்கள்.

துணியில் அடித்துத் திருப்பிய வெளிச்சத்துக்கு நம் நாட்டிலேயே ஒரு பெரிய முன்னோடி உண்டு. சத்யஜித் ராயின் இரண்டாவது படத்தில், 1956இல், காசி வீட்டின் முற்றத்தை ஸ்டுடியோவுக்குள் செட் போட்டபோது, முற்றத்தில் வானத்திலிருந்து இறங்கும் வெளிச்சத்தை எப்படிக் கொண்டுவருவது என்று ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா யோசித்தார். மேலே வெள்ளைத் துணியை விரித்து, விளக்குகளை அதன் மேல் அடித்துத் திரும்ப வைத்தார். அந்த முற்றத்து வெளிச்சம் நம் தெருக்களிலேயே சும்மா கிடைக்கிறது. கொருக்குப்பேட்டையிலோ வண்ணாரப்பேட்டையிலோ ஆறடிச் சந்து ஒன்றில் காலை பத்து மணிக்குப் போய் நில்லுங்கள். மேலே ஒரு கீற்று வானம். எதிர்ச் சுவரின் மேல் பாதியில் வெயில். அந்தச் சுவர்தான் உங்கள் தெர்மாகோல். ஆனால் சுவரின் நிறத்தையும் பாருங்கள். பச்சைச் சுவருக்கு எதிரே நின்றால் முகத்தில் பச்சை ஏறும், ரோஸ் என்றால் ரோஸ். காசிமேட்டு மார்க்கெட்டில் நீலத் தார்ப்பாய்க்குக் கீழே எடுத்தால் ஆட்கள் நோயாளிகள் மாதிரி நீலம் பூத்துத் தெரிவதற்கும் இதுவே காரணம். அங்கே, எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லும் ஒயிட் பேலன்ஸை அதே தார்ப்பாய்க்குக் கீழே ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுங்கள். இல்லையென்றால் ஆளை இரண்டடி வெளியே தள்ளி நிற்கச் சொல்லுங்கள். நான் இரண்டாவதைச் செய்வேன்.

நடுப்பகலைத் தவிர்க்கச் சொல்வதை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். சென்னையில் அது கூடுதல் உண்மை. ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில் உச்சி வேளையில் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்து, நட்டு வைத்த கம்பத்துக்கே நிழல் விழாது. கண் இரண்டும் குழியாகிவிடும். சாப்பிட்டுத் தூங்குங்கள்.

ஃபிரேமிங்கில் மூன்றில் ஒரு பங்குக் கோடு, தலைக்கு மேல் விடும் ஹெட்ரூம், பார்க்கும் பக்கம் விடும் இடம் இதெல்லாம் எந்த வீடியோவிலும் கிடைக்கும், அரை மணி நேரத்தில் புரியும். தொழில்காரர் பக்கத்தில் நின்றால்தான் கண்ணில் படும் விஷயம் லென்ஸின் உயரம். ஒருமுறை டாக்குமெண்டரி ஒன்றுக்காக மீன் மார்க்கெட்டில், தரையில் உட்கார்ந்து சங்கரா கூறு கட்டிக்கொண்டிருந்த ஒரு ஆயாவை எடுத்தோம். நான் நின்றபடி கேமராவைக் கீழே சாய்த்து ஃபிரேம் வைத்தேன். கூடை, மீன், ஆயாவின் உச்சந்தலை எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன. மூத்த ஒளிப்பதிவாளர் வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல், ஈரத் தரையில் பேண்ட் நனைய உட்கார்ந்து, கேமராவை ஆயாவின் கண் உயரத்துக்கு இறக்கினார். அதுவரை சரக்குகளுக்கு நடுவில் ஒரு சரக்காக இருந்த ஆயா, அப்போது கடைக்கு முதலாளி ஆனார். பின்னால் நின்றவர்களின் கால்கள் மட்டும் மங்கலாக. லென்ஸ் அதே லென்ஸ், எக்ஸ்போஷர்கூட மாறவில்லை. "தம்பி இப்பதான் கண்ணைப் பார்த்துப் பேசுது" என்றார் ஆயா.

இதைச் சொல்லும்போது என் ஆற்றாமை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வடசென்னை என்றாலே பழுப்பு நிறம், கீழிருந்து கோணல் ஆங்கிள், முகத்தில் பாதி இருட்டு என்று ஒரு பழக்கம் வந்துவிட்டது. நீங்கள் உங்கள் தெருவையே எடுக்கிறீர்கள். உங்களுக்கும் அது எதற்கு?

மற்றபடி கோடு. இரண்டு பேர் எதிரெதிரே இருந்தால் நடுவில் ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொண்டு, கேமரா அதன் ஒரே பக்கம் நிற்க வேண்டும். புத்தகத்தில் படித்தால் குழம்பும், கேரம் கிளப்பில் பத்து நிமிடத்தில் விளங்கும். எதிரெதிரே ஆடும் இருவரை, போர்டின் ஒரே பக்கம் நின்று எடுங்கள். ஒருவர் தோள் வழியாக மற்றவரின் முகம், பிறகு அப்படியே மாற்றி. நம் சினிமாவில் இதைச் சஜஷன் ஷாட் என்பார்கள். அடுத்து வேண்டுமென்றே எதிர்ப்பக்கம் போய் ஒரு ஷாட் எடுத்து நடுவில் ஒட்டிப் பாருங்கள். இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு மூன்றாவது ஆளோடு ஆடுவது போல இருக்கும். வியாசர்பாடியில் ஃபுட்பால் எடுத்தாலும் இதே கதைதான், பக்கம் மாறி நின்றால் பையன்கள் சொந்த கோலுக்கே அடிப்பார்கள். ஆளை வெட்டும்போது முட்டியிலும் மணிக்கட்டிலும் வெட்டாதீர்கள். ஷாட்டை ரெக்கார்டில் போட்டபின் பத்து நொடி அசையாமல் பிடியுங்கள். உங்கள் "கல்யாண வீடியோ" உணர்வு பெரும்பாலும் ஓயாமல் அலையும் கேமராவிலிருந்துதான் வந்திருக்கும்.

சரி, யாரிடம் கற்பது? உங்கள் பகுதியில் நல்ல கல்யாண யூனிட் ஒன்றைப் பிடித்து, முகூர்த்த நாட்களில் லைட் பிடிக்க வருகிறேன் என்று சொல்லுங்கள். அந்த நாட்களில் அவர்களுக்கு ஆள் தேவைப்படும், சாப்பாடும் பேட்டாவும் கிடைக்கும். மறுமுறை எடுக்க முடியாத காட்சியை, மாற்ற முடியாத வெளிச்சத்தில் எடுக்கும் பயிற்சி வேறெங்கும் கிடையாது. முறையாகப் படிக்க நினைத்தால் தரமணியில் அரசு எம்.ஜி.ஆர். திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, ஒளிப்பதிவுக்கு நான்கு வருடப் பட்டப்படிப்பு. பி.சி. ஸ்ரீராம் படித்தது அங்கேதான். பிளஸ் டூ முடித்திருந்தால் விண்ணப்பிக்கலாம். ஆங்கிலம் ஓரளவு படிக்க முடிந்தால் ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ் நடத்தும் இணையதளத்தைப் பாருங்கள். இரண்டு ஆஸ்கர் வாங்கிய மனிதர், மாணவர்கள் கேட்கிற சின்னக் கேள்விக்கும் தானே பதில் எழுதியிருக்கிறார். அவர் பதில்களில் எண்களைவிட "அந்த ஜன்னல் பக்கம் இருந்ததால்" என்ற மாதிரி விஷயங்கள்தான் அதிகம் வரும்.

எந்தத் தொழில்காரரைப் பார்த்தாலும் "என்ன ஐ.எஸ்.ஓ. வச்சீங்க" என்று கேட்காதீர்கள். அந்த எண் அந்த நாளோடு போயிற்று. "ஏன் சார் இந்தப் பக்கம் நின்னீங்க?" என்று கேளுங்கள். ஷூட்டிங் நடக்கும்போது கேட்காதீர்கள், அன்றைய வேலை முடிந்து பேக்கப் சொன்னபின், பெட்டி கட்டுகையில் கூட நின்று உதவிக்கொண்டே கேளுங்கள். மனம் திறந்து பேசுவார்கள்.

இந்த வாரத்துக்கு ஒரு வேலை தருகிறேன். கேமரா வேண்டாம். ராயபுரம் ரயில் நிலையத்துக்குப் போங்கள். 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட இடம். வீடியோ எடுக்க ரயில்வே அனுமதி வேண்டும், ஆனால் பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கொண்டு பார்ப்பதற்குத் தடையில்லை. பெரிய தூண்கள், நடுவே நிழல், வெளியே வெயில். தூணருகே நிற்கும் யாராவது ஒருவரைப் பார்த்து, இவரைக் காப்பாற்ற எங்கே நிற்பேன், வெளியே இருப்பதைக் காப்பாற்ற எங்கே நிற்பேன் என்று நடந்து நடந்து பாருங்கள். முஷ்டியையும் நீட்டிப் பாருங்கள், யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

அடுத்த வாரம் கேமராவோடு காசிமேடு. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், மீன் வாங்க வரும் கூட்டத்தில் நிற்க இடமிருக்காது. வார நாளில், விடிவதற்கு முன்பே. யாரை எடுப்பதானாலும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். லென்ஸ் துடைக்க மெல்லிய துணி ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், உப்புக் காற்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணாடியில் படியும். பனி விழுந்தது மாதிரி படம் மங்கினால் கேமராவைத் திட்டாமல் அதைத் துடையுங்கள்.